எல்லா டெஸ்ட்டிலும் பாஸான கம்ப்யூட்டர்

என் ஆய்வேட்டை மதிப்பிட இரண்டு பேருக்கு அனுப்பினார்கள். ஒருவர் நல்லவர். ஏற்கலாம் என்று அரைப் பக்கம் எழுதித் திருப்பிவிட்டார், அநேகமாகப் படித்திருக்க மாட்டார். இன்னொருவர் படித்துவிட்டார். வினை அங்கேதான் தொடங்கியது.

என் ஆய்வு என்னவென்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான்: ஒரு மெல்லிய கரித் தகடு, அதில் அங்கங்கே ஒரு உலோக அணு. அந்த உலோகத்தின் மேல் ஹைட்ரஜன் வாயு ஒட்டுமா, ஒட்டினால் எவ்வளவு வலுவாக ஒட்டும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது. ஆறு வருடமாக அதைத்தான் செய்தேன். ஒட்டும் என்று சொன்னேன். ரொம்ப இறுக்கமாகவும் இல்லாமல் ரொம்பத் தளர்வாகவும் இல்லாமல், வண்டிக்கு எரிபொருளாகச் சேர்த்து வைக்கத் தோதாக ஒட்டும் என்று இரண்டு கட்டுரைகள் அச்சாயின. எனக்குப் பின்னால் லேபில் சேர்ந்த மூன்று பேர் அந்த எண்ணை வைத்துத்தான் தங்கள் வேலையைத் தொடங்கினார்கள்.

படித்த மனிதர் கேட்டது ஒரே ஒரு கூடுதல் கணக்கு. தகடு சின்னதாக இருக்கிறது, இதையே பெரிய தகட்டில் போட்டுக் காட்டுங்கள் என்றார். நியாயமான கேள்வி. அறுபது நாளுக்குள் திருத்தி அனுப்ப வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, மூன்றாவது கிடையாது. அறுபதாம் நாள் தாண்டினால் என் பதிவே ரத்து. ஆறு வருடமும் போன இடம் தெரியாமல் போய்விடும்.

லேபின் பெரிய மெஷினுக்குள் நுழைய எனக்கு இருந்த லாகின் கணக்கை, உதவித்தொகை முடிந்த மாதமே மூடிவிட்டார்கள். திறந்துவிடச் சொல்லி என் வழிகாட்டிக்கு எழுதினேன், நிர்வாகத்துக்கு எழுதினேன், மறுபடியும் வழிகாட்டிக்கு எழுதினேன். புது மாணவர்களுக்கே இடம் பத்தவில்லை, வரிசையில் இரு, இரண்டு மாதம் ஆகும் என்று பதில் வந்தது. இப்படிக் கடிதம் எழுதியதிலேயே எட்டு நாள் கரைந்தது. ஒன்பதாம் நாள் எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் எதையாவது வாங்கிவிடுவேன்.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கு என் கணவரோடு போனேன். ஐ.டி. கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுத் தள்ளிவிடும் மெஷின்கள் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். கடைக்காரர் நல்ல மெஷின் ஒன்றைத் துடைத்து முன்னால் வைத்து, கேமிங்கா எடிட்டிங்கா என்று கேட்டார். இரண்டும் இல்லை, கணக்குப் போட என்றேன். ஜிஎஸ்டியா என்றார். ஹைட்ரஜன் என்றேன். அதற்கு மேல் அவர் என்னிடம் பேசவில்லை, விலையைக்கூட என் கணவரிடம்தான் சொன்னார்.

நாங்கள் இருப்பது சந்தாபுராவில், ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே இரண்டு அறை. கணவர் பொம்மசந்திராவில் மோட்டார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பார்ப்பவர். எஸ்.பி. ரோட்டிலிருந்து ஸ்கூட்டரில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சில்க் போர்டு நெரிசலில் நின்றபோது பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, ரிப்பேரா அக்கா என்று விசாரித்தார். இனிமேல்தான் என்று சொன்னேன். அன்று நான் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

நான் பயன்படுத்திய மென்பொருள் விலைக்கு வாங்கிச் சொடுக்கினால் ஓடும் ரகம் இல்லை. அதன் மூலநிரல் இலவசமாகக் கிடைக்கும். அதை அவரவர் மெஷினுக்கு ஏற்ப கம்பைல் செய்துகொள்ள வேண்டும். கடையில் பாக்கெட் மாவு வாங்காமல் அரிசி உளுந்து வாங்கி வீட்டிலேயே அரைப்பது மாதிரி. எதை எந்தப் பதத்தில் அரைக்க வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்ல ஒரு சின்ன ஃபைல் உண்டு. நாற்பது ஐம்பது வரி இருக்கும். எங்கள் லேபில் அந்த ஃபைலை யாரும் எழுதுவதில்லை. சீனியர் கொடுப்பார், ஜூனியர் வாங்கிக்கொள்வார். எனக்குக் கொடுத்த சீனியருக்கு அவர் சீனியர் கொடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நானும் மூன்று பேருக்குக் கொடுத்திருக்கிறேன். கொடுக்கும்போது ஒரு பெருமிதம்கூட இருந்தது, வீட்டுச் சாவியைக் கொடுப்பதுபோல.

அந்த ஃபைலின் தலையில், ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து சீனியர் ஒரு குறிப்பு எழுதியிருப்பார். கம்பைல் முடிந்ததும் மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மென்பொருளோடு வரும் நாற்பது டெஸ்ட்டுகளை ஓட்டலாம், அதில் மூன்று ஃபெயில் ஆகும், கண்டுக்காதே என்று. முதல் வருடம் நான் ஓட்டிப் பார்த்தேன். சொன்னபடியே மூன்று ஃபெயில் ஆயின. சொன்னபடி நடந்ததால் எல்லாம் சரி என்று நினைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஓட்டிப் பார்க்கவே இல்லை. எங்கள் லேபில் யாருமே ஓட்டுவதில்லை, அது நேரத்தைத் தின்னும்.

சந்தாபுராவில் அந்த ஃபைல் வேலை செய்யவில்லை. அது லேபில் காசு கொடுத்து வாங்கிய கம்பைலருக்காக எழுதியது. என்னிடம் இருந்தது இலவச கம்பைலர். ஒவ்வொரு வரிக்கும் ஒரு பிழை காட்டியது. ஒன்றைச் சரிசெய்தால் அதற்குப் பின்னால் இன்னொன்று நின்றது. கணித நூலகம் இல்லை என்றது. அதைப் போட்டால் அதற்கு வேறொன்று வேண்டும் என்றது. பழைய நிரலைப் புதுக் கம்பைலர் ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கணக்கான வரிகளில் சிவப்புச் சிவப்பாகத் திட்டியது. நடுவில் கரண்ட் போகும். யுபிஎஸ் ஐந்து நிமிஷம் கத்திவிட்டுச் செத்துப்போகும். கீழே கடையில் இரும்புக் கம்பி வெட்டுவார்கள். மே மாத வெயிலில், செல்போன் நெட்டில் ஒவ்வொரு மென்பொருள் பொட்டலமாக இறக்கிக்கொண்டு, பதினோரு நாள் இப்படிப் போயிற்று. பெரிய படிப்பு படித்தவள் என்று ஊரே நம்பும் ஒருத்திக்கு ஒரு மென்பொருளை நிறுவத் தெரியவில்லை என்பதை நினைத்து ஒரு மத்தியானம் உட்கார்ந்து அழுதேன்.

வேறு வழியில்லாமல் சீனியரின் ஃபைலைத் தூக்கிப் போட்டுவிட்டு, மென்பொருளோடு வரும் மாதிரி ஃபைலை முதன்முறையாகத் திறந்தேன். ஆறு வருடத்தில் முதன்முறையாக. அதை வரிவரியாகப் படித்து என் மெஷினுக்கு ஏற்ற இடங்களை மட்டும் நிரப்பினேன். பன்னிரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்குக் கம்பைல் முடிந்தது. பழக்கம் இல்லாவிட்டாலும், பழைய மெஷின் ஆயிற்றே என்ற சந்தேகத்தில் டெஸ்ட்டை ஓட்டிவிட்டுச் சமைக்கப் போனேன். வந்து பார்த்தால் நாற்பதும் பாஸ்.

லேபில் மூன்று ஃபெயில் ஆகும், இங்கே ஒன்றும் ஆகவில்லையே, அப்படியானால் என் கம்பைலில் ஏதோ கோளாறு என்று முடிவு செய்தேன். இதை இப்போது எழுதும்போது கூசுகிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி கம்பைல் செய்தேன். மறுபடி நாற்பதும் பாஸ். மெஷினைத் திறந்து மெமரியைக் கழற்றி, அதன் முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். நாற்பதும் பாஸ். ஒரு முழு நாள் அந்த மூன்று டெஸ்ட்டையும் ஃபெயிலாக்கப் பாடுபட்டேன்.

மாலை ஷிஃப்ட் முடிந்து வந்த கணவர் டீயை வைத்துக்கொண்டு என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன்.

“எங்க கம்பெனியில நாப்பது பீஸ்ல மூணு அவுட்டுனா லாட்டையே ரிட்டர்ன் அடிச்சிடுவோம். நீங்க ஆறு வருஷமா அதையே ஓட்டிட்டா இருந்தீங்க?” என்றார்.

இது நட்டு போல்ட்டு இல்லை என்று எரிந்து விழுந்தேன். அவர் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். அவர் போன பிறகு அந்த மூன்று டெஸ்ட்டுகளில் என்னதான் இருக்கிறது என்று திறந்து பார்த்தேன். இரண்டு எனக்குச் சம்பந்தமில்லாதவை. மூன்றாவது என் உலோகம். அதே அணு, தனியாக, ஒற்றையாக வைத்துப் போட்ட கணக்கு.

மறுநாள் பெரிய தகட்டைத் தொடவில்லை. என் பழைய சின்னத் தகட்டையே, ஆய்வேட்டில் இருக்கும் அதே கணக்கையே வீட்டு மெஷினில் போட்டேன். ஒரு நாளில் முடிய வேண்டியது. இரண்டு முறை கரண்ட் போய், இரண்டு முறை முதலிலிருந்து ஆரம்பித்து, மூன்றாவது நாள் எண் வந்தது. வாயு ஒட்டவில்லை. கொஞ்சம் குறைவாக ஒட்டியது என்றெல்லாம் இல்லை, ஒட்டவே இல்லை. தகட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் விலகிப் போயிற்று.

சீனியர் இப்போது அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதுகிறார். மதிய உணவு நேரம் பார்த்துப் போன் செய்தேன். மாதிரி ஃபைலில் ஒரு வரி இருந்தது. அணுக்களைக் கையாளும் ஒரே ஒரு பகுதியை மட்டும் வேகமாகக் கம்பைல் செய்யாதே, நிதானமாகச் செய், இல்லாவிட்டால் சில உலோகங்களில் கணக்குத் தப்பும் என்று மென்பொருளை எழுதியவர்களே எச்சரித்துப் போட்ட வரி. எங்கள் ஃபைலில் அந்த வரி இல்லை. அதைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு ஞாபகம் வரவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

“ஓ, அதுவா. நான்தாம்மா எடுத்துட்டேன். அது இருந்தா அந்த மெஷின்ல கம்பைல் நின்னு நின்னு போச்சு. ஏன், எதாச்சும் பிராப்ளமா?” என்றார்.

ஒன்றும் இல்லை, சும்மா கேட்டேன் என்றேன். அவருடைய ஆய்வில் என் உலோகம் கிடையாது. அவர் எண்களுக்கு ஒரு சேதமும் இல்லை. அவர்மேல் கோபப்படப் பார்த்தேன், முடியவில்லை. அந்த வரியை எடுத்தது அவர். ஆறு வருடம் மாதிரி ஃபைலைத் திறந்து பார்க்காமல் இருந்தது நான்.

ஆனாலும் மனசு ஒரு கடைசிப் பிடியை விடவில்லை. வித்தியாசம் வேறு எதனாலோ இருக்கலாம் அல்லவா. சந்தாபுரா மெஷினில் அந்த வரியை நானே எடுத்துவிட்டு, தெரிந்தே தப்பாகக் கம்பைல் செய்தேன். டெஸ்ட்டை ஓட்டினேன். அந்த மூன்றும் ஃபெயில் ஆயின. பிறகு என் கணக்கைப் போட்டேன். எண் வரும் வரை, பழையது வரக்கூடாது வரக்கூடாது என்று நான் நம்பாத சாமிகளை எல்லாம் கும்பிட்டேன். ஆய்வேட்டில் இருந்த அதே எண், கடைசி இலக்கம் வரை, திரையில் வந்து நின்றது.

அறுபதில் முப்பத்தொரு நாள் பாக்கி இருந்தது. வழிகாட்டியை நேரில் போய்ப் பார்த்தேன். மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்காரர். நல்ல மனிதர், மாணவர்களைத் திட்ட மாட்டார். இரண்டு ஃபைலையும் இரண்டு எண்ணையும் ஒரே தாளில் அச்சடித்து எடுத்துப் போயிருந்தேன். அவர் தாளை வாங்கிப் படித்தார். முதலில் ஒரு முறை வேகமாக, பிறகு மெதுவாக. அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் கண்ணாடியைக் கழற்றியபோதே எனக்குத் தெரிந்தது. அந்த இரண்டு கட்டுரைகளிலும் அவர் பெயர் இருக்கிறது. அதைக் காட்டி வாங்கிய திட்டத்தில்தான் லேபில் மூன்று பேர் சம்பளம் வாங்குகிறார்கள்.

தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்து, தன் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

“நோடும்மா, அவர் கேட்டது ஒரே ஒரு நம்பர். லேப் மெஷின்லயே ஓட்டிக் குடுத்துடு. டிகிரி முதல்ல கையில வரட்டும், மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம். இப்பப் போய் சும்னே கெளறாதே.”

சரி சார் என்றேனா, ஒன்றும் சொல்லாமல் எழுந்தேனா என்று நினைவில்லை. பஸ் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டுவதற்குள் மெயில் வந்துவிட்டது. லேப் மெஷினில் என் கணக்கைத் திறந்துவிட்டார்கள். இரண்டு மாதம் வரிசை என்று சொன்ன அதே கணக்கு, ஒரு மத்தியானத்தில் திறந்துகொண்டது.

மூன்று நாள் அதைத் தொடவில்லை. ஆய்வேட்டை முழுக்கத் திருத்தி எழுத முடியுமா என்று உட்கார்ந்து பார்த்தேன். முடியாது. ஐந்து அத்தியாயத்தில் நான்கு, வாயு ஒட்டும் என்பதன் மேல் நிற்கின்றன. அதை எடுத்துவிட்டால் மிச்சம் முன்னுரையும் நன்றியுரையும்தான். முப்பத்தெட்டு வயதில் மறுபடி முதலிலிருந்து என்பது ஒரு கம்பைலைப் போல அழித்துவிட்டு ஓட்டுகிற காரியம் இல்லை. நான்காம் நாள் லேப் மெஷினுக்குள் நுழைந்து பெரிய தகட்டை ஓட்டினேன். கரண்ட் போகவில்லை, எதுவும் நிற்கவில்லை, சிவப்பில் ஒரு வரி வரவில்லை. அழகாக ஒட்டியது.

திருத்திய ஆய்வேட்டை நாற்பத்தெட்டாம் நாள் கொடுத்தேன். படித்த மனிதருக்குத் திருப்தி. வாய்மொழித் தேர்வில் எளிமையான கேள்விகள் கேட்டார்கள். வழிகாட்டி தன் கையால் மைசூர் பாக் எடுத்துக் கொடுத்தார், கண்ணைப் பார்க்கவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கணவர் மட்டும் ஒரு நாள் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டே, அந்த மூணு டெஸ்ட் என்ன ஆச்சு என்று கேட்டார். சரியாகிவிட்டது என்றேன். குவாலிட்டி பார்க்கிற மனுஷர், முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். மேற்கொண்டு கேட்கவில்லை. அன்றிலிருந்து என் படிப்பைப் பற்றி யாரிடமும் அவர் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை.

இப்போது ஒரு தனியார் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். போன மாதம் ஒரு பெண் மெயில் அனுப்பியிருந்தாள். தமிழ்நாட்டில் ஏதோ ஒரு கல்லூரியில் ஆய்வில் சேர்ந்து இரண்டாம் வருடம். என் கட்டுரையைப் படித்துத்தான் இந்தத் தலைப்பையே எடுத்தாளாம். நான்கு மாதமாக என் கணக்கையே திரும்பப் போட்டுப் பார்க்கிறாள், வாயு ஒட்டவில்லை. கம்பைல் செய்ததில் தான் எங்கோ தப்பு செய்திருக்க வேண்டும், எங்கே என்று தெரியவில்லை, கைடு கோபமாக இருக்கிறார், தலைப்பை மாற்றச் சொல்லிவிடுவார் போலிருக்கிறது என்று எழுதியிருந்தாள். தயவுசெய்து உதவ முடியுமா என்று கேட்டிருந்தாள்.

உன் கணக்குதான் சரி என்று பதில் அடித்தேன். அடித்து முடித்துப் பார்த்தால், அதற்குக் கீழே தானாக வந்து உட்காரும் கையெழுத்தில் என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்தது. அழித்துவிட்டேன். ஒன்பது நாள் அடித்து அடித்து அழித்தேன். அப்புறம் எனக்கு ஒரு யோசனை தோன்றியது, கோழைகளுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை. எங்கள் லேபின் ஃபைலை இணைத்து, நாங்கள் பயன்படுத்தியது இது என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினேன். கெட்டிக்காரப் பெண், தன்னுடையதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள், அந்த வரி இல்லாததைக் கண்டுபிடிப்பாள், என்னிடம் வந்து ஏன் என்று கேட்பாள், கேட்டால் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. மேலே ஆங்கிலத்தில் நிறைய நன்றி, அவர்கள் கல்லூரியிலும் எங்கள் லேபின் கம்பைலர்தானாம், ஃபைலை அப்படியே போட்டு ஓட்டினாளாம். என் பெயரிலிருந்து நான் தமிழ் என்று ஊகித்திருப்பாள் போலிருக்கிறது, கடைசி வரியை மட்டும் தமிழில் எழுதியிருந்தாள்.

“ஒட்டிடுச்சு மேடம். தப்பு என்னோடதுதான்.”